கிஃபோர்ட் பிரபுவின் உயில்

ஸ்காட்லாந்தில் ஆடம் கிஃபோர்ட் என்றொரு நீதிபதி இருந்தார். 1820இல் எடின்பரோவில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலில் பொருளும் பெயரும் ஈட்டி, 1870இல் நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றத்தில் அமர்ந்தார். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ஸ்பினோசாவையும் எமர்சனையும் விடாமல் படித்தவர். பக்கவாதம் தாக்கிப் பதவியிலிருந்து விலகி, 1887 ஜனவரியில் காலமானார். அவர் 1885இல் எழுதிய உயிலின்படி நான்கு பல்கலைக்கழகங்களுக்கு 80,000 பவுன் போய்ச் சேர்ந்தது: எடின்பரோவுக்கு 25,000, கிளாஸ்கோவுக்கும் அபர்டீனுக்கும் தலா 20,000, செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 15,000. அதன் வருவாயில் கடவுளைப் பற்றியும் அறத்தின் அடித்தளம் பற்றியும் பொதுமக்கள் முன்னிலையில் சொற்பொழிவுகள் நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1888இல் தொடங்கிய கிஃபோர்ட் சொற்பொழிவுகள் இன்றும் நடந்துவருகின்றன.

கல்விக்குப் பணம் கொடுத்த செல்வர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கிஃபோர்டைத் தனித்து நிறுத்துவது அவர் விதித்த நிபந்தனைகள். பேச வருபவரிடம் எந்தச் சமயச் சோதனையும் நடத்தக் கூடாது. உறுதிமொழி வாங்கக் கூடாது. அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், எதையும் சேராதவராகவும் இருக்கலாம். ஐயவாதி என்றோ கடவுளை அறிய முடியாது என்பவர் என்றோ ஊர் சொன்னாலும் தடையில்லை. உண்மையை நேர்மையாகத் தேடுபவராக இருந்தால் போதும். வானியலையும் வேதியியலையும் ஆராய்வதுபோல, வேதநூல் சான்றையும் அற்புதங்களையும் துணைக்கழைக்காமல் பொருளை ஆராய வேண்டும். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திராத எவரும் வந்து கேட்கலாம். கட்டணம் வாங்கினால் மிகக் குறைவாகவே வாங்க வேண்டும். திருச்சபையின் பிடி தளராத விக்டோரியா காலத்தில், ஒரு நீதிபதி இப்படி எழுதிவைத்தார் என்பதைத்தான் நாம் வியக்க வேண்டும்.

நிபந்தனைகளுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. கிளாஸ்கோவில் முதலில் பேசியவர் மாக்ஸ் முல்லர். ரிக்வேதத்தைப் பதிப்பித்த அதே முல்லர், எல்லாச் சமயங்களையும் ஒரே தராசில் வைத்துப் பேசியதும் பாதிரிமார்களிடமிருந்து கண்டனங்கள் கிளம்பின. பல்கலைக்கழகம் அசையவில்லை. முல்லர் தம் நான்கு சொற்பொழிவுத் தொடர்களையும் 1892இல் முடித்தார். கடைசித் தொடரில் வேதாந்தமும் பேசப்பட்டது.

இதற்கு நேர்மாறான சோதனை 1937இல் அபர்டீனில் நேர்ந்தது. மனித அறிவைக் கொண்டே கடவுளை அறியலாம் என்ற இயற்கை இறையியலை வளர்க்கத்தான் அந்த நிதி. அழைக்கப்பட்ட இறையியலாளர் கார்ல் பார்த்தோ அந்த இறையியலையே மறுப்பவர். அதை மேடையிலேயே சொல்லிவிட்டு, 1560இல் எழுந்த ஸ்காட்லாந்து விசுவாச அறிக்கையை எடுத்துக்கொண்டு பேசினார். நிதி வைத்தவரின் கொள்கையை அவர் பணத்திலேயே மறுக்க இடம் கிடைத்தது. இந்தத் தொடரின் வரலாற்றில் இதைவிடப் பெருமையான நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

பொதுமக்கள் எப்படிக் கேட்டார்கள்? ஒரே மாதிரியாக அல்ல. 1927இல் எடின்பரோவில் வானியற்பியலறிஞர் எடிங்டன் புதிய இயற்பியலைப் பற்றிப் பேசியபோது கூட்டம் நிரம்பியது. அடுத்த ஆண்டு தத்துவ அறிஞர் வைட்ஹெட் வந்தார். முதல் நாள் வந்த நூற்றுக்கணக்கானோரில் கடைசிவரை தங்கியவர்கள் ஆறேழு பேர்தான் என்று சொல்வார்கள். அந்தச் சொற்பொழிவுகளே 1929இல் ‘புராசஸ் அண்ட் ரியாலிட்டி’ என்ற நூலாயின; இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தின் கடினமான நூல்களில் ஒன்று அது. (எழுந்து போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த நூலை நாற்காலியில் சாய்ந்து படிப்பதே பாடு.) ஆனால் 1901-02இல் இதே எடின்பரோவில் உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களின் வகைகளைப் பற்றிப் பேசியது, இன்றும் சாதாரண வாசகர் கையில் புழங்கும் நூலாக நிற்கிறது. பொதுமேடை தத்துவத்தை நீர்க்கச் செய்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஜேம்ஸே பதில். வைட்ஹெட்டைத் திரும்ப அனுப்பாமல் ஆறு பேருக்காகவும் மேடையைத் திறந்துவைத்ததும் அந்தத் தொடரின் சிறப்புதான்.

1973இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் அபர்டீனில் சிந்தித்தல் பற்றிப் பேசினார். மறு ஆண்டு வந்து பேசிக்கொண்டிருக்கையில் மாரடைப்பு வந்தது, 1975இல் இறந்தார். அவரது இறுதி நூல் முடிவுறாமலே வெளிவந்தது. 1985இல் கிளாஸ்கோவில் வானியலறிஞர் கார்ல் சேகன் பேசினார். அந்தச் சொற்பொழிவுகள் 2006இல் நூலாக வெளிவந்தன; அதில் அவையோர் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எனக்கு அந்தப் பகுதியே மிகவும் பிடித்தது.

நமக்கும் இந்த மரபோடு ஒரு மெல்லிய உறவு உண்டு. அபர்டீனில் 1912-13இல் பேசியவர் எடின்பரோப் பேராசிரியர் பிரிங்கிள்-பாட்டிசன். அவரிடம் படித்த ஏ. ஜி. ஹாக், சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஹாக்கின் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பின்னாளில், கேரளத் தந்தைக்கும் கத்தலான் தாய்க்கும் பிறந்த ரைமோன் பணிக்கர் 1989இல் எடின்பரோ மேடை ஏறினார். அந்தச் சொற்பொழிவுகளை நூலாக்க இசைவு தர அவர் இருபது ஆண்டு எடுத்துக்கொண்டார்.

நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு பேச்சாளருக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். கேட்பவர்கள், வருகைப் பதிவுக்காக அழைத்துவரப்பட்ட மாணவர்கள். கேள்வி நேரத்தை நன்றியுரை விழுங்கிவிடும். பணம் போதவில்லை என்பது இதற்குக் காரணமாகாது. மாற்றுக் கருத்துடையவரை அழைக்கத் துணிவதற்கும், தெருவில் போகிறவரை உள்ளே விடுவதற்கும் பணம் தேவையில்லை.

இம்மலரை வெளியிடும் மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த தொடரில் உங்கள் கொள்கையை மறுக்கும் ஒருவரையாவது அழையுங்கள்; அவையோர் கேள்விகளுக்குப் பேச்சில் பாதி நேரமாவது விடுங்கள்; அடுத்த மலரில் அந்தக் கேள்விகளையும் அச்சிடுங்கள்.