ரேகைச் சட்டமும் பெருங்காமநல்லூரும்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் சென்று வரும் நம் குடும்பத்தார் ‘கோக்கர்ஸ் வாக்’ நடைபாதையில் நின்று கீழே பார்க்காமல் திரும்புவதில்லை. மஞ்சு விலகும் வேளைகளில் பழனி மலைத்தொடரின் தென்சரிவும், பெரியகுளத்துத் தோப்புகளும், அப்பால் வைகைச் சமவெளியும் விரிந்து கிடக்கும். குழந்தைகள் ஊர்களின் பெயரைக் கேட்பார்கள். நாம் தேனி என்போம், மதுரை என்போம். அச்சமவெளியின் தென்கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், சேடபட்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்று உண்டு. பெருங்காமநல்லூர் என்பது அதன் பெயர். 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் அங்கே என்ன நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாட்கள் இருந்தன. அதை அறியாத பள்ளி மாணவன் இல்லை. இதை மதுரைச் சீமையிலேயே தேடிப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வூரார் பிரமலைக் கள்ளர் வகுப்பினர். வெள்ளையர் ஆட்சிக்கு முன்னரே ஊர்க்காவல் அவர்களின் உரிமைத் தொழிலாக இருந்தது. காவலுக்கு ஊரார் கூலி தருவர். களவு போனால் காவற்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இயலாவிடில் ஈடு தர வேண்டும். இம்முறையில் கொடுமைகளும் இருந்தன. கூலி தர மறுத்தவர் வீட்டு மாடு இரவில் காணாமற்போவதும், துப்புக்கூலி கொடுத்தபின் திரும்பி வருவதும் வழக்கமாயின. இதனை எதிர்த்து 1896 ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் பகுதியில் எழுந்த இயக்கத்தைப் ‘பண்டு’ என்றனர். ஊரார் பணம் திரட்டிப் பொது நிதி வைத்து, காவலை மறுத்தமையால் மாடு இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தனர். பழனி, பெரியகுளம் பகுதிகளுக்கும், அதாவது இம்மலையின் இருபுறத்து அடிவாரங்களுக்கும், அது பரவியது. கள்ளர் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதும் உண்டு. ஆகவே குற்றமே இல்லாதிருந்த மக்கள்மீது சட்டம் பாய்ந்தது என்று எழுத நாம் துணியோம். குற்றம் செய்தவனைத் தேடாமல், செய்யக்கூடியவன் என்று ஒரு வகுப்பையே கருவிலேயே குறித்துவிட்டது அச்சட்டம் என்பதே வழக்கு.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் வட இந்தியாவிற்கென இயற்றப்பட்டது. 1911 இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914 இல் கீழக்குடிக் கள்ளர்மீது முதலில் பாய்ந்து, 1918 அளவில் பிரமலைக் கள்ளர் வகுப்பு முழுமையையும் சூழ்ந்துகொண்டது. அரசு அறிவித்தால் போதும். அவ்வறிவிப்புச் சரியா என்று கேட்க எந்த நீதிமன்றத்திற்கும் அதிகாரம் இல்லை. வயதுவந்த ஆண்கள் பதிவேட்டில் விரல் ரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ குறித்த பொது இடத்திலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்வதானால் ‘ராதாரிச் சீட்டு’ என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். புதிதாக மணமானவனும் மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் துண்டை விரித்தான் என்று முதியோர் சொல்வதுண்டு. மக்கள் இதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். சட்டத்தின் உயிர்நிலை எது என்பதை அவர்கள் சரியாகவே பிடித்துவிட்டனர்.

ரேகையின் கதையை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். விரல் ரேகையால் ஆளை அறியும் முறை உருப்பெற்ற இடம் இலண்டன் அன்று, நம் வங்காளம். போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக் என்னும் இளைஞர், கணிதத்தில் வல்லவர், ரேகைகளை 1024 அறைகளில் வகைபிரித்து வைக்கும் முறையைக் கண்டார். ஹேமசந்திர போஸ் அவருக்குத் துணை நின்றார். 1897 இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் எழுந்தது. முறைக்கு ஹென்றியின் பெயர் நிலைத்தது. ஹக் அவர்களுக்குப் பிற்காலத்தில் கான் பகதூர் பட்டம் கிடைத்தது. ஒரு முஸ்லிம் அறிஞரின் நுண்ணறிவு என்று நாம் பெருமை கொள்ளலாம். அந்த அறிவு எவர் விரலைத் தேடிச் சென்றது என்பதையும் உடன் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஹென்றி 1900 இல் தென்னாப்பிரிக்கா சென்று ஜொகானஸ்பர்க் போலீசைச் சீரமைத்தார். 1906 இல் திரான்ஸ்வால் அரசு, ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும், எந்தப் போலீஸ்காரன் கேட்டாலும் காட்ட வேண்டும் என்று சட்டம் வரைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் எம்பயர் நாடக அரங்கில் கூடிய கூட்டத்தில், இறைவன்மீது ஆணையிட்டு இச்சட்டத்திற்குப் பணியோம் என்று முதலில் எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப் என்னும் வணிகர். காந்தியடிகளே அந்த ஆணையின் கனத்தை அதன்பின்தான் கூட்டத்தாருக்கு விளக்கினார். 1908 ஆகஸ்டு 16 இல் ஹமீதியா பள்ளிவாசல் முன்றிலில் ஒரு பெரிய கொப்பரையில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சீட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. அப்போராட்டத்தில் சிறை சென்ற தமிழர் பலர். 1914 இல் தில்லையாடி வள்ளியம்மை உயிரே கொடுத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பெருங்காமநல்லூரில் கொப்பரை இல்லை. செய்தி அனுப்பத் தலைவரும் இல்லை. ரேகை பதிக்க மாட்டோம் என்று ஊரார் முன்னரே மனுச் செய்து பார்த்தனர். பயன் இல்லை. ஏப்ரல் 3 காலையில் ஆயுதப் போலீசும் அதிகாரிகளும் வந்து ஊரைச் சூழ்ந்தனர். மக்கள் திரண்டனர்; வாக்குவாதம் முற்றியது; கற்கள் பறந்தன; துப்பாக்கிகள் வெடித்தன. இறந்தோர் பதினாறு பேர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். குண்டுபட்டுக் கிடந்தோருக்குத் தண்ணீர் கொடுக்க ஓடியவர் அவர் என்பது ஊர் வழங்கும் செய்தி. உடல்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தனர் என்றும், பிடிபட்டோரைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம்வரை நடத்தினர் என்றும் சொல்வர்.

அவர்கள் பக்கம் நின்றவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். சட்டையில் ரோஜாப்பூ செருகியிருப்பாராம். ‘ரோசாப்பூ துரை’ என்றே அம்மக்கள் அழைத்தனர், தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டனர்.

பிரமலைக் கள்ளரிடையே சிறுவர்க்குச் சுன்னத்துச் செய்யும் வழக்கம் இருந்தது என்பதையும், அதற்கு அவர்கள் இட்ட பெயர் நம் வீடுகளில் வழங்கும் அதே ‘மார்க்கக் கல்யாணம்’ என்பதையும் அறிந்தால் வாசகர் வியப்பர். அண்டை வீட்டார் துயரம் நமக்கு ஏன் இவ்வளவு தொலைவாயிற்று?

கொடைக்கானலில் முதல் பங்களாக்களை 1845 இல் கட்டியோர் அமெரிக்க மிஷனரிமார். அந்நாளில் அவர்தம் தாயகத்தின் தென்மாநிலங்களில் கறுப்பின அடிமை, எசமானின் சீட்டு இன்றித் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. இரவில் சாலைகளில் ரோந்துப்படை சுற்றும். சீட்டு இல்லாதவன் முதுகில் சவுக்கு விழும். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தபின், மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் ‘கறுப்பர் சட்டங்கள்’ இயற்றின. வேலை பார்ப்பதற்கு எழுத்துச் சான்று காட்டாத கறுப்பன் நாடோடிக் குற்றவாளி. அபராதம் கட்டாவிடில் அவனை வாடகைக்கு விடலாம். தென்னாப்பிரிக்காவிலும் சீட்டு முறை கறுப்பின மக்களை விடவில்லை. 1960 மார்ச் 21 இல் ஷார்ப்வில் காவல் நிலையத்தின்முன் சீட்டு இன்றி வந்து நின்றவர்மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். ராதாரிச் சீட்டு என்ற சொல்லை அவ்வூரார்க்கு விளக்க வேண்டிய தேவையே இராது.

மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் தமிழகம் வந்தபோது காந்திகிராமத்திற்கும் மதுரைக்கும் சென்றார். பழனி மலையின் கிழக்கு விளிம்பு தெரியும் இடம் காந்திகிராமம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பர்மிங்காம் நகரில் அவருடன் நின்ற சிறுவர்கள்மீது போலீசார் நாய்களை ஏவியதை உலகம் படங்களில் கண்டது.

நம் நாட்டில், முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தபின், 1947 ஜூனில் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952 இல். அதன் இடத்தில் ‘வழக்கக் குற்றவாளிகள் சட்டம்’ வந்து அமர்ந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தேர்தல் முறையாக நடக்க விடாமல் தடுத்தோர் கள்ளர் வகுப்பினரே. பிறப்பால் குறிக்கப்பட்ட வேதனையை அறிந்தவர்கள், பிறப்பைச் சொல்லி வேறொருவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை. 2006 இல்தான் அது மாறியது.

பெருங்காமநல்லூர் நூற்றாண்டு 2020 ஏப்ரலில் வந்தது. நாடே ஊரடங்கில் கிடந்தது. மே 25 இல் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரன் ஒன்பது நிமிடங்களுக்குமேல் முழங்காலை வைத்து அழுத்தினான், நகரங்கள் திரண்டெழுந்தன, மறு ஆண்டில் அவனுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜூன் 19 இல் நம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்தனர். வணிகர்கள் கடையடைத்தனர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

ஜொகானஸ்பர்க்கில் ஹமீதியா பள்ளிவாசலுக்கு எதிரே அந்தக் கொப்பரையின் வடிவில் ஒரு சின்னம் நிறுவியிருக்கிறார்கள். பெருங்காமநல்லூரில் ஒரு தூண் நிற்கிறது. ஏப்ரல் 3 ஆம் நாள் சுற்றுவட்டார மக்கள் அங்கே வந்து கூடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து பேருந்து போகிறது.