மெழுகுவர்த்தி கால் பென்னி, கட்டில் ரெண்டு பென்னி

வருஷம் 1331. நல்ல குளிர்காலம். ஆக்ஸ்ஃபோர்ட்ல இருக்கிற மெர்டன் காலேஜோட வார்டன் (நம்ம ஊர் ஹாஸ்டல் வார்டன் இல்லீங்க, காலேஜுக்கே தலைவர்), கூட ரெண்டு ஃபெல்லோக்கள், நாலு வேலையாட்கள், ஆக ஏழு பேர் குதிரையேறி வடக்கே டர்ஹாம், நியூகாசில் வரைக்கும் போறாங்க. காலேஜுக்கு அந்தப் பக்கம் சொத்து, வருமானம் எல்லாம் உண்டு. சுருக்கமா சொன்னா அஃபிஷியல் டூர்.

இந்த டூரோட செலவுக் கணக்கு அழியாம இருக்கு. ஏறக்குறைய 700 வருஷத்துக்கு முந்தைய டிஏ பில்! வழியில ஒரு ஞாயித்துக்கிழமை தங்கின செலவை மட்டும் பாருங்க. ரொட்டி 4 பென்னி, பீர் 2, ஒயின் ஒண்ணேகால், கறி அஞ்சரை, கஞ்சி மாதிரி ஒரு சூப் கால் பென்னி, மெழுகுவர்த்தி கால் பென்னி, விறகு 2, கட்டில் 2, குதிரைத் தீவனம் 10. கூட்டிப் பார்த்தேன், இருபத்தேழேகால் பென்னி வருது. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல குதிரை தின்னிருக்கு. பீருக்கு ஆன அதே காசுதான் படுக்கைக்கும். இன்னிக்கு நம்ம டிஏ பில்லுல பெட்ரோலும் லாட்ஜும் இருக்கிற இடத்துல அன்னிக்கு வைக்கோலும் கட்டிலும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பிடிச்சது அந்தக் கால் பென்னி மெழுகுவர்த்திதான். ஒரு பெரிய காலேஜோட தலைவர், ஊர்ல மரியாதைப்பட்ட மனுஷர், ராத்திரி வெளிச்சத்துக்கு ஆன கால் காசையும் எழுதி வெச்சிருக்கார். ஏன்னா திரும்பி வந்ததும் கணக்கை ஒப்பிக்கணும். ஒப்பிக்கணும்னு சும்மா சொல்லல. ஆடிட் என்கிற வார்த்தையே லத்தீன்ல 'கேட்பது' என்கிறதிலிருந்து வந்ததுதான். ஆடிட்டர்னா காது கொடுத்துக் கேக்கிறவர். ஒருத்தர் படிப்பார், இன்னொருத்தர் கேப்பார். வாங்கினது இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. சரியா இருந்தா 'குயட்டஸ்'. அதாவது இவர் இனி யாருக்கும் கடன்படலை, விடுபட்டார்னு அர்த்தம். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்ல சாவைக் குறிக்க இந்தக் கணக்குப்பிள்ளை வார்த்தையைத்தான் எடுத்துப் போட்டிருக்கார். அட்வான்ஸ் செட்டில் ஆகாம அலைஞ்சவங்களுக்கு அந்த உவமை சட்டுனு புரியும் :-)

நம்ம பக்கமும் இது புதுசு இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டை (919, 921) எல்லாரும் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் பேசுவோம். அதுல ஒரு தகுதி நீக்க விதி இருக்கு. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்க பேரைக் குடத்துல போடக் கூடாது. அவர் பேரை மட்டும் இல்லை, அவரோட அப்பா, மகன், மாமனார், மருமகன், மைத்துனன்னு சொந்தக்காரங்க பேரையும் சேர்த்துதான். ஒருத்தர் கணக்கு முடிக்கலைன்னா கல்யாண வீட்டுல ஒரு வரிசையே தலை குனியணும். எந்த ஆடிட்டரும் இவ்வளவு பயங்கரமா யோசிச்சதில்லை.

சரி, மறுபடி இங்கிலாந்து. நம்ம ஆபிஸ்கள்ல 'இம்ப்ரெஸ்ட்'னு ஒண்ணு உண்டு. கையிருப்பா ஒரு தொகை கொடுத்து, செலவாக ஆக வவுச்சர் வெச்சு ரொப்பிக்கிறது. இந்த வார்த்தையோட வேர் 'ப்ரெஸ்ட்'. முன்கூட்டியே கையில கொடுத்த பணம், கடன் மாதிரி. கப்பல்ல வேலைக்கு ஆள் சேர்க்கிறப்ப கையில திணிக்கிற முன்பணத்துக்கும் இதே பேர்தான். வாங்கிட்டா முடிஞ்சது, நீ ராஜாவோட ஆளு. கட்டாயமா ஆள் பிடிக்கிற 'ப்ரெஸ் கேங்' என்கிற பேர் வந்ததும் இங்கிருந்துதான். அட்வான்ஸ்னு கையை நீட்டி வாங்கினா மாட்டிக்கிட்டோம்னு அர்த்தம், வார்த்தையிலேயே இருக்கு.

ஆனா எல்லாரும் மாட்டிக்கல. அங்கதான் கதையே.

ஹென்றி ஃபாக்ஸ்னு ஒரு அரசியல்வாதி. 1757லேருந்து 1765 வரைக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பேமாஸ்டர் ஜெனரல். ஏழாண்டுப் போர் நடந்துக்கிட்டிருந்த சமயம், பணம் வெள்ளமா வருது. அந்தக் கால வழக்கம் என்னன்னா, ராணுவத்துக்கான பணத்தை கஜானா இவர் பேர்ல கொடுத்துடும். இவர் தன் பொறுப்புல வெச்சு பட்டுவாடா பண்ணணும், கடைசியில கணக்கு கொடுக்கணும். கடைசின்னா எப்போ? அதைத்தான் யாரும் அழுத்திக் கேக்கல. கணக்கு முடியற வரைக்கும் மீதிப் பணம் இவர்கிட்டயே இருக்கும். பதவியை விட்டுப் போனாலும்! அதைக் கொண்டுபோய் முதலீடு பண்ணா வட்டி இவருக்கு. அப்ப எந்த மடையன் சீக்கிரம் கணக்கு முடிப்பான், சொல்லுங்க?

ஃபாக்ஸ் முடிக்கல. 1769ல லண்டன் நகரத்துக்காரங்க ராஜாவுக்கு ஒரு மனு போட்டு, கணக்குக் காட்டாத கோடிகளை வெச்சிருக்கிற ஆளுன்னு இவரைக் கிழிச்சாங்க. அப்புறம் பார்த்தா இவர் செஞ்சது சட்டப்படி குத்தமே இல்லை. அந்தக் காலத்துல அந்தத் தாமதம் வழக்கத்துக்கு மாறானதும் இல்லை. பதவி விட்டதுக்கப்புறம் அந்த மீதியில இருந்து வந்த வட்டி மட்டுமே 2 லட்சம் பவுண்டுக்கு மேலன்னு வரலாற்றுக்காரங்க கணக்குப் போட்டிருக்காங்க. 1774ல அவர் செத்துப் போனார். சாகறதுக்கு முன்னாடி பையன் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் (பின்னாடி பெரிய அரசியல்வாதி ஆனவர்) சூதாட்டத்துல விட்ட 1 லட்சம் பவுண்டுக்கும் மேலான கடனை அடைச்சார். சிப்பாய்ச் சம்பளத்துப் பணத்தோட வட்டி எங்கெங்க போய்ச் சேருது பாருங்க.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். அதே நாற்காலியில 1746லேருந்து 1755 வரைக்கும் உக்காந்திருந்தவர் மூத்த வில்லியம் பிட். அவர் அந்த வட்டியைத் தொடல. பணத்தை பாங்க் ஆஃப் இங்கிலாந்துல போட்டு வெச்சார். ஜனங்க அவரைத் தலைல தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. ஒருத்தர் திருடாம இருந்ததே செய்தி என்கிற அளவுக்கு இருந்திருக்கு நிலைமை.

1780ல ஒரு கமிஷன் போட்டாங்க. செத்துப்போன பேமாஸ்டர்களோட வாரிசுகள் கையில அரசாங்கப் பணம் இன்னும் தங்கியிருக்குன்னு அது எழுதி வெச்சது. 1782ல எட்மண்ட் பர்க் பேமாஸ்டரா வந்தார். இனிமே பணம் தனிமனுஷன் கையில இல்லை, பாங்குலதான் இருக்கும்னு சட்டம் வந்தது. அதுவரைக்கும் இந்த முன்பணங்களைத் தணிக்கை பண்ணவேண்டியவங்க ரெண்டு பேர், 'ஆடிட்டர்ஸ் ஆஃப் தி இம்ப்ரெஸ்ட்'னு பேர். வேலையைக் கீழே இருக்கிற குமாஸ்தாக்கள் பார்ப்பாங்க, இவங்க கட்டணத்தை வாங்கிக்குவாங்க. 1785ல பிரதமர் இளைய பிட் இந்தப் பதவியையே ஒழிச்சுட்டு, ஒரு கமிஷன் கிட்ட வேலையைக் கொடுத்தார். ஒழிச்சதுக்கு நஷ்ட ஈடு வேணாமா? ஆளுக்கு வருஷத்துக்கு 7,000 பவுண்ட், ஆயுசு முழுக்க! அவங்கள்ல ஒருத்தரான மவுண்ட்ஸ்டூவர்ட் பிரபு 1814 வரைக்கும் உயிரோட இருந்தார். வேலை செய்யாம இருந்ததுக்கு சம்பளம், அந்த வேலை போனதுக்கும் சம்பளம். ஆணி புடுங்கியே பொழப்பை ஓட்டுற நாமெல்லாம் வயிறெரியறதைத் தவிர வேற என்ன பண்ண முடியும்?

இந்த அனுபவத்துல இருந்துதான் 1866ல கிளாட்ஸ்டன் கொண்டுவந்த தணிக்கைச் சட்டம் வரைக்கும் ஒவ்வொண்ணா முளைச்சது. இந்தியாவுல ஆடிட்டர் ஜெனரல் ஆபிஸ் 1860லேயே வந்தாச்சு. நவம்பர் 16ஐ 2021லேருந்து தணிக்கை நாளா கொண்டாடுறாங்க.

இப்ப நம்ம மத்திய அரசோட பொது நிதி விதிகள் (2017 பதிப்பு) என்ன சொல்லுதுன்னா, ஆபிஸ் வேலைக்கு அட்வான்ஸ் எடுத்தா, எடுத்த 15 நாளுக்குள்ள சரிக்கட்டல் பில்லும் மீதியும் வந்து சேரணும். வரலைன்னா அடுத்த சம்பளத்துல பிடிச்சுக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களும் இதைத்தான் பின்பற்றுது. மாநிலத்துல வேற விதிகள், வேற தணிக்கை. ஆனா அட்வான்ஸ் யார் பேர்ல இருக்கோ அவர்தான் பதில் சொல்லணும் என்கிறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்.

விதி நியாயமானதுதான். அதைப் படிக்கிறப்ப எனக்கு ஃபாக்ஸ் ஞாபகம் வரல, எங்க மாமா ஞாபகம்தான் வருது. ஒரு காலேஜ்ல உடற்கல்வி இயக்குனரா இருந்தவர். பசங்களை வெளிமாநிலத்துக்கு கபடி மேட்ச் கூட்டிட்டுப் போக 3,500 ரூபா அட்வான்ஸ் எடுத்தார். போய்ட்டு வந்து பில்லு எல்லாம் ஒட்டி செக்‌ஷன்ல கொடுத்தார். வாங்கினவர் மாறிப் போனார், ஃபைல் எங்கேயோ போச்சு. ரிஜிஸ்டர்ல மாமா பேருக்கு நேரா மட்டும் 3,500 அப்படியே நிக்குது. பத்தொம்பது வருஷம் கழிச்சு ரிடையர் ஆகிறப்ப அது தணிக்கைத் தடையா வந்து உக்காந்தது. பாக்கி இல்லைன்னு சர்டிபிகேட் கிடைக்காம பணிக்கொடை எட்டு மாசம் நின்னுச்சு. "நான் சாப்பிட்ட பணம்னா கொடுத்துடுவேன்டா, பசங்க சாப்பிட்ட பணம்டா"ன்னு மாமா சொல்லிட்டே இருப்பார். அத்தைதான் கடைசியில, கட்டித் தொலைங்கன்னு பணத்தைக் கட்ட வெச்சாங்க. ரசீது எண்ணோட ஜெராக்ஸ் மூணு எடுத்து பீரோவுல வெச்சிருக்கார் இன்னமும்.

காலேஜ் வட்டாரத்துல விசாரிச்சா இன்னொரு விஷயமும் தெரியும். கருத்தரங்கை நடத்துறது துறைத்தலைவர். மாலை போட்டுக்கிறதும் அவர். ஆனா அட்வான்ஸ் மட்டும் புதுசா சேர்ந்த உதவிப் பேராசிரியர் பேர்ல. டீக்கடைக்காரர் பில் தரமாட்டார், ஆட்டோக்காரர் தரமாட்டார், பந்தல்காரர் வெள்ளைத்தாள்ல எழுதித் தருவார். இதையெல்லாம் ஒட்டி வெச்சுக்கிட்டு செக்‌ஷன் வாசல்ல நிக்கிறது அந்தப் புதுப் பிள்ளைதான். மெர்டன்ல வார்டனே போனார், செலவும் அந்தப் பயணத்துக் கணக்குலயே ஏறுச்சு. கால் பென்னி மெழுகுவர்த்திக்கு பில் எங்கேன்னு யாரும் கேட்டிருக்க வழியில்லை. ஆளே வந்து ஒப்பிக்கிறப்ப பில் எதுக்கு?

பெரிய இடத்துல இன்னிக்கும் ஃபாக்ஸ் கதைகள் இல்லாம இல்லை. மொத்தமா கஜானாவுல எடுக்கிறதுக்கு ஒரு பில், அப்புறம் விவரமா கணக்குக் காட்ட இன்னொரு பில். முதல் பில்லுல எடுத்துட்டு ரெண்டாவதைக் கொடுக்கவே இல்லைன்னு தணிக்கை அறிக்கைகள்ல பல மாநிலங்களைப் பத்தி வந்திருக்கு. 2010ல பீகார்ல ஆயிரக்கணக்கான கோடிக்கு இப்படி நின்னு, பாட்னா உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அங்கெல்லாம் சம்பளத்துல பிடிக்கிற பேச்சே வராது. யார் சம்பளத்துல பிடிப்பீங்க?

உங்கள்ல வாத்தியார் வேலை பார்க்கிறவங்க, செக்‌ஷன்ல உக்கார்றவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க பேர்ல எவ்வளவு நிக்குது?

பி.கு: மெர்டன் வேலையாட்கள் மட்டும் தனியா ஒரு சத்திரத்துல ரெண்டு ராத்திரி தங்கின கணக்கும் உண்டு. படுக்கைக்கு மொத்தம் 1 பென்னி. டிஏல கிரேடு வித்தியாசம் அப்பவே ஆரம்பிச்சாச்சு.