உப்பும் சர்க்கரையும் திறந்த வாயில்

காட்பாடியில் வண்டி ஏறித் திருப்பதி, கூடூர் வழியாக வடக்கே செல்லும் அன்பர்கள், ரேணிகுண்டாவைத் தாண்டியபின் ஏர்பேடு என்னும் சிறு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். சிறிது நேரத்தில் காளத்தி வந்துவிடும். ஆகவே பலர் இவ்வூரைக் கவனித்திருக்க மாட்டார்கள். என் தாயைப் பெற்ற பாட்டியார் பிறந்த ஊர் அது.

அவருடைய தம்பி ஏழு வயதில் வாந்திபேதி கண்டு மாண்டான். "தண்ணீர், தண்ணீர்" என்று அவன் கேட்டதையும், கொடுத்தால் பேதி மிகும் என்று அஞ்சிப் பெரியவர்கள் மறுத்ததையும் பாட்டியார் தம் எண்பதாம் வயதிலும் சொல்லிக் கண் கலங்குவார். "கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானோ?" என்பது அவர் கேள்வி. அதற்குரிய விடை, உயிரணுவைச் சூழ்ந்துள்ள ஒரு மெல்லிய சவ்வின் வரலாற்றில் இருக்கிறது.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் பருமன் நாம் எழுதும் தாளின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சில சவ்வுகள் நீரை விட்டு வேறு பொருள்களைத் தடுக்கும் என்பதை 1748இல் பிரான்சு நாட்டு நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு கண்டார். கொழுப்பில் கரையும் பொருள்கள் உயிரணுவினுள் எளிதில் நுழைகின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்ட்டன் காட்டினார். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு அறிஞர் இருவர், சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீர்மேல் பரப்பி அளந்து, சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பால் ஆனது என்று உணர்த்தினர்.

கொழுப்புச் சுவரை உப்பும் சர்க்கரையும் தாமாகக் கடக்க இயலா. ஆனால் அவையின்றி உயிர் இல்லை. எனவே அச்சுவரில் புரதங்களாலான வாயில்கள் உண்டு. ஒவ்வொரு வாயிலும் தனக்குரிய பொருளையே அனுமதிக்கும். 1957இல் டென்மார்க்கின் ஸ்கோ கண்டறிந்த புரதம் ஓர் ஏற்றம் போன்றது. அது ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை இடைவிடாது வெளியே இறைத்துப் பொட்டாசியத்தை உள்ளே கொணர்கிறது. இதனால் உயிரணுவினுள் சோடியம் குறைகிறது. வெளியிலுள்ள சோடியம் உள்ளே வர முந்துகிறது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் ஒரு கருத்தை வெளியிட்டார்: சிறுகுடலின் சவ்வில் ஒரு வாயில் உண்டு; அதில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தால் சேர்ந்தே நுழையும். அவை நுழைந்தால் நீரும் பின்தொடரும்.

இனி வாந்திபேதியைக் காண்போம். அதன் கிருமியை 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் உறுதிசெய்தார். கிருமி வெளிவிடும் நஞ்சே தீங்குக்குக் காரணம் என்று அதே நகரில் 1959இல் சம்புநாத் டே மெய்ப்பித்தார். அந்நஞ்சு சவ்வின் ஒருவகை வாயிலைத் திறந்தே நிறுத்திவிடுகிறது. உப்பும் நீரும் குடலுக்குள் பாய்கின்றன. நோயாளி சில மணி நேரத்தில் வற்றிப்போகிறான். ஆனால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து செல்லும் வாயிலை நஞ்சு தொடுவதில்லை. வீடு பற்றி எரியும்போதும் கொல்லைக் கதவு திறந்திருப்பது போன்றது இது.

வியப்பு யாதெனில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இலேயே 186 நோயாளருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துப் பயன் கண்டு எழுதியிருந்தார். ஏன் பயன்பட்டது என்பது அப்போது விளங்காமையால் மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. பிராகில் காரணம் தெரிந்தது. அங்கே நோயாளி இல்லை. 1968இல் டாக்காவில் நாலின், கேஷ் ஆகியோரின் ஆய்வில் இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தன.

பெருஞ்சோதனை 1971இல் வந்தது. வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை கடந்து பன்கானுக்கு வந்தனர். ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, நீரில் கரைத்து நோயாளிகளின் உறவினரைக் கொண்டே ஊட்டச் செய்தார். அங்கு நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, இம்முறையில் சுமார் 3,700 பேரில் நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது.

நம் வேலூருக்கும் இதில் பங்குண்டு. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இராமகிருஷ்ணாவும் உடனுழைத்தோரும் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவை உப்புக் கரைசலில் சேர்த்தனர். அது பெருங்குடலை அடைந்து புளித்து, அங்குள்ள சவ்வையும் உப்பும் நீரும் ஈர்க்கத் தூண்டியது. பேதியின் அளவு குறைந்தது. கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்த நம் மூதாட்டியர் மெய்யின் மிக அருகில் நின்றனர் என்பது இப்போது விளங்குகிறது.

ஆகவே பாட்டியாருக்கு என்ன விடை கூறுவது? வெறும் தண்ணீர் மட்டும் அச்சிறுவனைக் காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. சவ்வின் வாயில் அதற்கு எளிதில் திறந்திராது. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்த நீர் அவனைக் காத்திருக்கக்கூடும். ஆனால் அந்நாளில் அவ்விரகு எந்நாட்டு மருத்துவருக்கும் தெரியாது. மறுத்த பெரியவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர், அறியாதவர்கள்.

இன்று நாம் அறிவோம். தூர நகரங்களில் வாழும் அன்பர்களே, வீட்டில் குழந்தைக்குப் பேதி கண்டால் நீரை நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத்தை, உறையில் குறித்த அளவு நல்ல நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். அது கிடைக்காவிடின் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் தீங்கு. குழந்தை சோர்ந்து துவண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஏர்பேட்டை அடுத்து இன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நிற்கிறது; உயிரணுவின் பாடமும் அங்கே நடக்கிறது. அவ்வழியே வண்டி செல்லும்போதெல்லாம் ஒரு குவளை நீர் கேட்ட அச்சிறுவனை நான் நினைத்துக்கொள்கிறேன்.