சிலுவையைக் கழற்ற மறுத்த நர்ஸ்

1942 பிப்ரவரி 18, விபூதிப் புதன். வியன்னாவை ஒட்டிய மோட்லிங் ஊர் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த கன்னியாஸ்திரி ஒருவரை வாசலிலேயே மடக்கியது ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ. அவர் பெயர் மரியா ரெஸ்டிடூட்டா.

இயற்பெயர் ஹெலீனா காஃப்கா. 1894-ல் இன்றைய செக் நாட்டின் பர்னோ நகரை அடுத்த ஹுசோவிட்சேயில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் வியன்னாவுக்கு வந்தது. வீட்டு வேலை, கடை வேலை, பிறகு நர்ஸ் வேலை. அதன்பின் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து துறவியானார்.

வேதசாட்சிகள் என்றாலே கண்களை மேலே உயர்த்தியபடி நிற்கும் சுரூபம்தான் நம் மனசுக்கு வரும். இந்த அம்மா அந்த ரகமில்லை. நல்ல பருமன், கறார் பேச்சு. வேலை முடிந்தால் குலாஷ் என்கிற இறைச்சிக் குழம்பும் ஒரு பெரிய குவளை பீரும் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதில் கைதேர்ந்தவர். பிடிவாதத்தைப் பார்த்து ‘சிஸ்டர் ரெசொலூட்டா’ என்றே ஊரார் கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு, பொது இடங்களில் மதச் சின்னங்களுக்கு இடமில்லை என்றானது. ரெஸ்டிடூட்டாவோ மருத்துவமனையின் புதிய கட்டடத்தில் அறைக்கு அறை பாடுபட்ட சுரூபம் மாட்டினார். கழற்றச் சொன்னார்கள், முடியாது என்றார். வேலையை விட்டு அனுப்பலாம் என்றால், அவருக்கு மாற்று ஆள் இல்லை என்று சபை கைவிரித்தது. அவருடைய கைத்திறனே அதுவரை அவருக்குக் கவசமாக இருந்தது.

அந்தக் கவசத்தை ஒரு காகிதம் கிழித்தது. ஆஸ்திரியாவைப் போற்றி, நாஜி ஆட்சியைச் சாடும் சிப்பாய்ப் பாட்டு ஒன்றை அவர் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். அது நாஜி ஆதரவாளரான அறுவை மருத்துவர் ஒருவரின் கைக்குப் போனது. தினமும் ஒரே மேசையருகே நின்று வேலை பார்த்தவர். அவரே காட்டிக் கொடுத்தார்.

கைதான அதே ஆண்டு அக்டோபர் 29-ல் நாஜிகளின் ‘மக்கள் நீதிமன்றம்’ தீர்ப்புச் சொன்னது. எதிரிக்கு உதவி, தேசத்துரோகச் சதி: மரண தண்டனை. சபையை விட்டு விலகினால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். அதற்கும் அதே பதில்தான். கருணை மனுவை நிராகரித்தவர் ஹிட்லரின் வலதுகையான மார்ட்டின் போர்மான். மற்றவர்களுக்கு இது பாடமாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களை ஏவிக்கொண்டிருந்த ஓர் அரசுக்கு, ஒரு நர்ஸின் உயிரைப் பற்றி இவ்வளவு உயர்மட்டத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது! பயம் யார் பக்கம் இருந்தது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

சிறையிலும் அவர் நர்ஸாகவே இருந்தார். உடன் இருந்த கைதிகளைப் பராமரித்தார். 1943 மார்ச் 30 அன்று வியன்னா நீதிமன்றச் சிறையில் கில்லட்டினில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது 48.

1998-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா இனி ஜெர்மனியோடு என்று ஹிட்லர் முழங்கியது அதே சதுக்கத்தில்தான். 2009-ல் புனித ஸ்தேவான் பேராலயத்தில் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. அதைச் செய்த சிற்பி ஆல்ஃபிரெட் ஹ்ர்ட்லிச்கா கடவுள் நம்பிக்கையே இல்லாத கம்யூனிஸ்ட்.

(தொடரும்)