72 டிகிரி பிறந்த கதை

1966. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்குள்ள 'மஷ்ரூம் ஸ்பிரிங்' என்ற வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் மாதிரி எடுத்தார்கள். கை வைத்தால் வெந்துபோகும் சூட்டில் ஒரு பாக்டீரியா சௌக்கியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! 1969இல் அதற்கு 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயர் சூட்டினார்கள். கல்ச்சரைப் பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்துவிட்டு, பிராக் தன் அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1976இல் சின்சினாட்டியில் ஒரு குழு அந்தப் பாக்டீரியாவிலிருந்து டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியைப் பிரித்தெடுத்தது. அதையும் அப்போது பெரிதாக யாரும் சீந்தவில்லை.

1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி முல்லிஸ், ஓர் இரவு மலைச் சாலையில் காரோட்டிப் போனார். வழியில் ஒரு யோசனை பளிச்சிட்டது. டிஎன்ஏவைச் சூடாக்கினால் முறுக்கிய கயிறு போலிருக்கும் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டால், வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் பிரைமர் என்ற சின்னத் துண்டுகள் போய் ஒட்டும். அங்கிருந்து நொதி நகலெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்; இருபது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். சக விஞ்ஞானிகள் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் சோதனை பலித்தது. தலைவலியும் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது பயன்பட்ட நொதி ஈ.கோலை பாக்டீரியாவுடையது. மனிதக் குடலில் வாழும் ஜீவன். 37 டிகிரிதான் அதற்குச் சுகம். இழைகளைப் பிரிக்கவோ சுமார் 95 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் நொதி செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் டியூப்களைச் சூட்டிலிருந்து எடுத்து, மூடிகளைத் திறந்து, பைப்பெட்டால் புது நொதி விட்டு, மறுபடி மூட வேண்டும். இருபது சுற்றுக்கும் இதே பாடு! போதாததற்கு, 37 டிகிரியில் பிரைமர்கள் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு வேண்டாத நகல்களைக் குவித்தன.

சீட்டஸ் பொறியாளர்கள் தானாகவே நொதி சேர்க்கும் ஒரு யந்திரத்தைக் கட்டினார்கள். செல்லப் பெயர் 'மிஸ்டர் சைக்கிள்'. அது ஓடத் தொடங்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் அதன் வேலைக்கு உலை வைக்க வந்தது அந்தப் பழைய ஊற்றுப் பாக்டீரியா.

சீட்டஸ் விஞ்ஞானிகள் டேவிட் கெல்ஃபாண்டும் சூசான் ஸ்டாஃபெலும் அதன் நொதியைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். 95 டிகிரிக்கு அது அசரவில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை விட்டால் கடைசிச் சுற்றுவரை தாங்கியது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேறு: 72 டிகிரியை ஒட்டி அது மும்முரமாக வேலை செய்தது. அந்தச் சூட்டுக்குப் பழக்கப்பட்ட நொதி கிடைத்ததால் பிரைமர் ஒட்டும் வெப்பநிலையையும் உயர்த்த முடிந்தது. தவறான இடத்தில் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. நொதி ஊற்ற இனி ஆள் வேண்டாம், யந்திரக் கையும் வேண்டாம். சூடாக்கி ஆற்றத் தெரிந்த ஒரு பெட்டி போதும்.

1987இல் பெர்கின் எல்மர், சீட்டஸ் கூட்டணி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுதான் தெர்மல் சைக்கிளர். உள்ளே டியூப்கள் உட்காரக் குழிகள் கொண்ட உலோகக் கட்டி, வெளியே எண்களைத் தட்ட விசைகள். நீர் ஆவியாகாமலிருக்க டியூபுக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் விட வேண்டியிருந்தது. சூடேறும் மூடி வந்த பிறகே அந்தப் பிசுக்கு ஒழிந்தது. கொரோனா நாட்களில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் போய்ச் சேர்ந்தது இதன் வாரிசுகளிடம்தான்.

திரையில் இன்றும் ஆய்வக மாணவர்கள் தட்டுவது மூன்று எண்களைத்தான்: 95, 55, 72. முதலாவதை டிஎன்ஏவும் மூன்றாவதை ஊற்றுப் பாக்டீரியாவும் முடிவுசெய்துவிட்டன. நடுவில் உள்ள, பிரைமர் ஒட்டும் வெப்பநிலையான 55தான் பிரைமருக்குப் பிரைமர் மாறிப் படுத்தியெடுத்தது. அந்த இழுபறிக்காகவே ஒரே கட்டியில் வரிசைக்கு வரிசை வேறு வெப்பநிலை வைக்கக்கூடிய 'கிரேடியன்ட்' மாடல்கள் பின்னால் வந்தன.