முத்தைத் தின்னது யாரு? திருக்கை மேல ஒரு பழைய கேஸ்

கனடாவுல 1992-ல காட் மீன் பிடிக்கத் தடை போட்டாங்க இல்லையா, அப்போ பல பேரு கை காட்டினது சீல் மேல. "மீனையெல்லாம் அதுதான் தின்னு தீர்த்துடுச்சு"ன்னு. ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க, அளவுக்கு மீறிப் பிடிச்சதுதான் முதல் காரணம்னு சொன்னாங்க. நம்ம மன்னார் வளைகுடாவுல சீல் கிடையாது. ஆனா இதே மாதிரி ஒரு கேஸ் இங்கயும் நடந்திருக்கு. குற்றவாளிக் கூண்டுல நின்னது திருக்கையும் கிளாத்தியும். காணாமப் போனது முத்துச்சிப்பி.

தூத்துக்குடிப் பார்கள்ல (கடலடியில சிப்பி விளையுற திட்டுக்குப் பார்னு பேரு) சிப்பி எப்பவுமே சொல்லாமக் கொள்ளாமப் போயிடும். 1862-க்கு அப்புறம் 1889 வரைக்கும் இங்க முத்துக்குளிப்பே இல்லை. இலங்கைப் பக்கமும் 1891-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணும் கிடைக்கலை. கிடைச்சதுல மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மீதி ஒரு பங்குதான் குளிக்கிறவங்களுக்குங்கிற கணக்கு அது. அதனால கஜானாவுக்குத்தான் முதல்ல வலிச்சது. லிவர்பூல்ல இருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை 1902-ல வரவழைச்சாங்க. கூடவே ஜேம்ஸ் ஹார்னெல். அவங்க அறிக்கை 1903-ல இருந்து 1906 வரைக்கும் அஞ்சு தொகுதியா வந்தது.

சிப்பிக்கு எதிரிகள் பட்டியல் நீளம். கூட்டமா வந்து ஓட்டை நொறுக்கித் தின்னுற திருக்கை, கொறிக்கிற கிளாத்தி, நட்சத்திர மீன், ஓட்டுல துளை போடுற நத்தைகள், மேல பாய் மாதிரிப் படர்ந்து மூச்சடைக்கிற 'சூரன்'. ஆனா ஹெர்ட்மன் இதுக்கெல்லாம் முன்னாடி வச்சது மணலை. தென்மேற்குப் பருவக்காத்துல அடி மணல் புரண்டு மொத்தப் பாரையும் மூடிடுது. மணலுக்கு யாரு சம்மன் அனுப்புறது?

சரி, திருக்கையைக் கொன்னுட்டா என்ன? இங்கதான் கதை திரும்புது. முத்து உண்டாகுறதே ஒரு நாடாப்புழுவோட குஞ்சாலதான்னு ஹெர்ட்மனும் ஹார்னெலும் சொன்னாங்க. புழு சிப்பிக்குள்ள போகுது, சிப்பியைக் கிளாத்தி தின்னுது, கிளாத்தியைத் திருக்கை தின்னுது, திருக்கை வயித்துல புழு பெருசாகி முட்டை போடுது. அவங்க சொன்னபடி பாத்தா, சிப்பித் திருடனை ஒழிச்சா முத்தும் ஒழிஞ்சிடும்! குற்றவாளியே சாட்சியும் ஆயிட்டான் பாருங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு மார்க்கோ போலோ ஞாபகம் வந்தது. குளிக்கிறவங்களைச் சுறா கடிக்காம இருக்க மந்திரம் போடுறவங்களுக்கு முத்துல இருபதுல ஒரு பங்குன்னு எழுதியிருக்கார். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். ராத்திரி கட்டை அவிழ்த்து விட்டுடுவாங்க, அப்பதான் எவனும் திருட்டுத்தனமா இறங்க மாட்டான். பகல்ல வில்லன், ராத்திரில வாட்ச்மேன். நம்மாளுங்க விவரம்தான்.

புழுக் கதை ரொம்ப நாள் நிக்கலை. 1912-ல ஜேம்சன்ங்கிறவர் அதைக் கடுமையா மறுத்தார். சிப்பியோட மேலுறைத் திசு செல்கள் உள்ள நழுவிப் போய் ஒரு பை மாதிரி ஆகி, அதுக்குள்ளதான் முத்து விளையுதுங்கிறதுதான் இப்போதைய விளக்கம். அதை வச்சுத்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973-ல தூத்துக்குடியில வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். திருக்கையோட தயவே இல்லாம!

இதுக்கு நடுவுல இலங்கைப் பார்களை 1906-ல ஒரு லண்டன் கம்பெனி இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. முந்தின வருஷம், 1905-ல, கோடிக்கணக்குல சிப்பி அள்ளியிருந்தாங்க. கம்பெனிக்காரங்க கைக்கு வந்ததும் பாரெல்லாம் காலி, கொஞ்ச வருஷத்துல கம்பெனியையே கலைச்சாச்சு. அந்த அள்ளலை விட்டுட்டுத் திருக்கையைப் பிடிச்சுக் கேள்வி கேக்குறது எனக்கு என்னமோ நியாயமாப் படலை.

தூத்துக்குடியில 1955-ல இருந்து 1961 வரைக்கும் அடுத்தடுத்து நல்லா விளைஞ்சது. அந்த 1961-தான் கடைசி. அதுக்கப்புறம் இங்க முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. குளியாளிகள் சங்குக்கு இறங்கிட்டாங்க. திருக்கை? அது இப்போ விசைப்படகு வலையில ஏறி மார்க்கெட்டுக்கு வருது.