வேகமும் ஓய்வும்: நிலைமக் கருத்தின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

கையை விட்டகன்ற கல், தள்ளுவாரின்றியும் மேற்செல்வது ஏன் என்னும் வினாவே இயக்கவியலின் முதல் வினா எனலாம். அதற்கு விடை தேடியோர் பல தேசத்தவர். அவர்கள் தந்த விடைகள் ஒவ்வொன்றும் அறிவுக்கு ஒரு படியே. ஆயினும் பௌதிக சாஸ்திரத்தை இறுதியில் முன்செலுத்தியது அவ்வினாவையே மாற்றிக்கொண்ட துணிவுதான் என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். குவைத்தின் தென்கரையில், முன்னாளில் மீன்பிடித்தலும் முத்துக்குளித்தலும் தொழிலாகக் கொண்டிருந்த ஃபஹாஹீலில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பில் நியூட்டனின் முதல் விதியைப் பயில்கின்றனர். அவ்விதியின் முன்வரலாற்றில் தம் முன்னோர் ஓதிய தருக்க நூல்களுக்கும், தாம் வாழும் அரபுலகின் தத்துவ நூல்களுக்கும் இடமுண்டு என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கிரேக்கர் கொள்கை

கி.மு. நான்காம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில், இயங்குவது எதுவாயினும் அதனை இயக்குவதொன்று இடையறாது உடனிருத்தல் வேண்டும் என்றார். வில்லை விட்ட அம்பினைச் சூழ்ந்த காற்றே அதனை உந்திச் செல்கிறது என்பது அவர் துணிபு. வெற்றிடம் ஒன்று இருக்குமாயின், அதில் இயங்கும் பொருள் தடுப்பாரின்றி என்றென்றும் சென்றுகொண்டே இருக்க நேரும் என்பதையும் அவர் உணர்ந்தார். ஆனால் அது அபத்தம் என்று கருதி, அதையே வெற்றிடம் இல்லை என்பதற்கு ஆதாரமாக்கினார். பின்னாளில் விதியாக நிலைபெறவிருந்த உண்மை இவ்வாறு அவர் வாயிலேயே பிறந்து, அவராலேயே விலக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ், எறிபவன் எறியப்படும் பொருளுக்குள்ளேயே ஓர் ஆற்றலைப் பதித்துவிடுகிறான் என்று கூறிக் காற்றின் துணையை மறுத்தார்.

தருக்க நூல்களில் வேகம்

இந்தியத் தருக்க மரபைச் சேர்ந்த கணாதரின் வைசேடிக சூத்திரம், அம்பின் முதல் இயக்கம் உந்துதலாலும், அதன்பின் தொடரும் இயக்கம் அவ்வியக்கத்தால் பொருளில் விளைந்த சம்ஸ்காரம் என்னும் பதிவாலும் நிகழ்வதாகவும், சம்ஸ்காரம் ஒழிந்தவிடத்துக் குருத்துவத்தால், அதாவது எடையால், வீழ்ச்சி நேர்வதாகவும் வகுத்துரைக்கிறது. அதன் கருத்துகளை விரித்தெழுதிய பிரசஸ்தபாதர், வேகம் என்னும் சம்ஸ்காரம் குறித்த ஒரு திசையில் இயக்கத் தொடரை விளைவிப்பது என்றும், பரிசமுடைய பொருள்களின் சேர்க்கையால் அழிவது என்றும் இலக்கணம் கூறினார். திசையும் தடையும் ஒருங்கே இடம்பெறும் அவ்விலக்கணத்தின் நுட்பம் போற்றத்தக்கது.

இச்சாஸ்திரம் தமிழுக்கு அயலானதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைசேடிக மதம் எடுத்துரைக்கப்படுகிறது. அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழில் தந்தார். எனினும் இம்மரபில் செயல் என்பது கணநேரமே நிலைப்பது; ஆதலின் அதனைத் தொடர்ந்து பிறப்பிக்க ஒரு காரணம் பொருளுக்குள் வேண்டப்பட்டது. இயக்கமும் ஓய்வும் வெவ்வேறு இயல்பினவாகவே நின்றன.

அரபு மொழி அறிஞரும் புரிதானும்

இப்னு சீனா (980–1037), எறியப்பட்ட பொருள் ‘சாய்வு’ என்னும் பண்பைப் பெறுகிறது என்றும், புறத்தடையே அதனைத் தேய்க்கிறது என்றும், தடையற்ற வெளியில் அது தேயாது என்றும் வாதித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், அச்சாய்வு தானே குறைந்து செல்வது என மாறுபட்டார். ஆனால் வீழும் பொருளின் வேகம் வளர்வதை, சாய்வு மேன்மேலும் சேர்வதன் விளைவாக விளக்கி, விசைக்கும் வேக மாற்றத்துக்கும் உள்ள உறவை நெருங்கினார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் புரிதான், பொருளின் அளவையும் வேகத்தையும் சார்ந்ததோர் உந்துதலைக் கற்பித்து, அது தடையால் அன்றி அழியாது என்றார்.

வினா மாறியது

499-ஆம் ஆண்டிலேயே ஆரியபடர், ஓடத்தில் செல்வோனுக்குக் கரைப்பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டிப் பூமியின் சுழற்சியை விளக்கினார். ஓய்வு என்பது காண்பவனைச் சார்ந்தது என்னும் இக்கருத்து, 1632-இல் கலிலியோவின் நூலில் முழு வலிமை பெற்றது: சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் நிகழ்த்தும் எப்பரீட்சையும், கப்பல் நிற்கிறதா செல்கிறதா என்பதை வெளிப்படுத்தாது. அங்ஙனமாயின், சீரான இயக்கத்துக்கெனத் தனிக் காரணம் தேடுவதும் வீணாகிறது. 1644-இல் டெக்கார்ட் அவ்வியக்கம் நேர்கோட்டில் அமைவது என வரையறுத்தார். புறவிசை தாக்காதவரை பொருள் தன் ஓய்விலோ சீரான நேர்கோட்டு இயக்கத்திலோ தொடரும் என்னும் இந்நிலைமக் கருத்தை 1687-இல் நியூட்டன் முதல் விதியாக்கினார். எது இயக்கத்தைக் காக்கிறது என்ற வினா மறைந்து, எது திசைவேகத்தை மாற்றுகிறது என்ற வினா தோன்றியது.

ஃபஹாஹீல் கரையில்

அவ்விதியின் செயலை ஃபஹாஹீல் கரையிலேயே காணலாம். 1938-இல் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1946 ஜூன் 30-ஆம் நாள் ஃபஹாஹீலை அடுத்த கரையிலிருந்து முதல் ஏற்றுமதி நிகழ்ந்தது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள அகமதி மேட்டின் தொட்டிகளிலிருந்து எண்ணெய் புவியீர்ப்பினாலேயே மினா அல்-அகமதித் துறைமுகத்துக்கு இறங்கும்படி அமைத்தனர். அத்தகைய நீண்ட குழாயின் வால்வைச் சட்டென மூடினால், ஓடிவரும் எண்ணெய்த் திரள் தன் வேகத்தை விடாது பேரழுத்தத்தை எழுப்பும். ஆகையால் மெல்ல மூடுவதே முறை. சரக்கேற்றிய பெருங்கப்பலோ, எஞ்சினை நிறுத்திய பின்னரும் பல கிலோமீட்டர் செல்லும். இவ்விரண்டிலும் ஓட்டம் தானே தொடர்கிறது; அதனை நிறுத்துவதற்கே காலமும் விசையும் வேண்டியிருக்கின்றன.

தள்ளுவது நின்றால் பொருளும் நின்றுவிடும் என்று ஒரு மாணவன் சொல்வானாயின், ஆசிரியர் அதனை அறியாமை என்று கடியாது, அரிஸ்டாட்டிலும் கொண்டிருந்த துணிபாக மதித்து, உராய்வு என்னும் மறைந்த விசையை அவனுக்குக் காட்ட வேண்டும். தேசமும் சமயமும் கடந்த பேரறிஞர் பலர் பல நூற்றாண்டு முயன்று அடைந்த முடிபை ஒரே வரியில் மனப்பாடம் செய்விப்பது கல்வியாகாது; அவர்கள் தயங்கிய இடங்களில் மாணவனையும் சற்றே தயங்கவிட்டு, அவன் தானே வினாவை மாற்றும்படி செய்வதே பௌதிகம் போதிக்கும் நெறியாகும்.